உங்களுக்குத் தெரியுமா? மார்பில் சிலந்தி, மூச்சில் சிக்கல்!

ஈரல் சுருங்கிப்போனவர்களின் கழுத்து, மார்பு, தோளில் சிவப்பாகச் சிலந்திப் புள்ளிகள் தோன்றும். நடுவில் ஒரு பொட்டு, சுற்றிலும் மெல்லிய கால்கள். பொட்டை அழுத்தினால் மொத்தச் சிலந்தியும் மாயம்! விரலை எடுங்கள், நடுவிலிருந்து கால்கள் மறுபடி முளைக்கும்!

இந்தச் சிலந்திக்குத் தொப்புளுக்குக் கீழே இறங்கவே பிடிக்காது. முகம், கழுத்து, மார்பு, கைகளோடு சரி! (நம் மாநிறத் தோலில் தேடிப் பிடிப்பதற்குத் தனிக் கண் வேண்டும்.)

கர்ப்பிணிகளுக்கும் இது வரும். பிரசவமானதும் பெரும்பாலும் தானே ஓடிவிடும். பதறாதீர்கள்!

ஆனால் ஈரல் நோயாளியிடம் நிறையச் சிலந்திகள் தெரிந்தால், டாக்டரின் சந்தேகம் நுரையீரலுக்குத் தாவும்! தோலில் விரிந்த நாளம் நுரையீரலுக்குள்ளும் விரிந்திருக்கலாமே! 8 முதல் 15 மைக்ரான் இருக்க வேண்டிய நுண்குழாய், சிலருக்கு 500 மைக்ரான் வரை வீங்கும். ரத்தம் ஆக்ஸிஜனை வாங்காமலே ஓடிவிடும்! பெயர், ஹெபடோபல்மோனரி சிண்ட்ரோம்.

 

இதய நோயாளி படுத்தால் மூச்சுத் திணறுவார், எழுந்து உட்கார்ந்தால் சுகம். இந்த ஈரல் நோயாளிக்கோ தலைகீழ்! நின்றால் திணறல், படுத்தால் நிம்மதி! கொரோனா காலத்தில் நாம் வாங்கிப்போட்ட ஆக்ஸிமீட்டரை மாட்டினால், அவர் நிற்கும்போது எண் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்!

கண்டுபிடிக்கும் வழி இன்னும் ஜோர். உப்புநீரைக் குலுக்கி, குமிழிகளோடு கை ரத்தநாளத்தில் ஏற்றுவார்கள். சாதாரண நுரையீரல் குமிழிகளை வடிகட்டிவிடும். இந்த நோயாளிக்கோ மூன்று முதல் ஆறு துடிப்புக்குள் இதயத்தின் இடப்பக்கத்தில் குமிழித் திருவிழா!

நகத்தையும் விடாதீர்கள். இந்த நோயில் பலருக்கு விரல் நுனி உருண்டு, நகம் கிளிமூக்காக வளையும். இரு கைகளின் ஒரே விரல்களை நகத்தோடு நகம் ஒட்டிப் பாருங்கள். நடுவே வைரம் போல் சின்ன இடைவெளி தெரிந்தால் சரி. இந்தச் சோதனையைச் சொன்ன தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ராத், தனக்கே வந்த இதய நோயின்போது தன் விரலைப் பார்த்துக் கண்டுபிடித்தார்!

1954இல் டாக்டர் ரிச்சர்ட் டெர்ரி, ஈரல் சுருங்கிய (சிரோசிஸ்) 100 நோயாளிகளின் நகங்களைப் பார்த்தார். வெளுத்துப்போயிருந்தவை 82 பேருக்கு!

ஈரல் நோயாளியின் உருண்ட விரல்களையும் நீலம் பாய்ந்த உடம்பையும் பற்றி டாக்டர் ஃப்ளூக்கிகர் எழுதியது 1884இல். அந்த நோய்க்குப் பெயர் கிடைத்தது 1977. காத்திருப்பு, 93 வருடம்!

சிகிச்சை நுரையீரலுக்கு அல்ல, ஈரலுக்கு! புது ஈரல் வைத்தால் பலருக்கும் ஆக்ஸிஜன் ஒரு வருடத்துக்குள் ஏறிவிடும். ஈரல் மாற்றத்தில் நம்மூர்க்காரர் கொடி பறக்கிறது. மயிலாடுதுறைப் பக்கத்து டாக்டர் முகமது ரேலா, 1997இல் லண்டனில் புது ஈரல் பொருத்தியது பிறந்து 5 நாளே ஆன குழந்தைக்கு!

தொடக்கத்தில் பார்த்த சிலந்திப் புள்ளிகளைப் பற்றி 1958இல் தனிப் புத்தகமே போட்டவர் அமெரிக்க டாக்டர் வில்லியம் பீன். அவருடைய இன்னொரு வேலை, தன் கட்டைவிரல் நகம் வளர்வதை 35 வருடம் அளந்தது! 32 வயதில் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர். 67 வயதில் 0.095!