கையொப்பம் வைக்குமுன்

நல்லூரில் உறவினர் வளவில் ஒதுங்கியிருக்கும் வலிகாமம் வடக்குத் தாய் ஒருவர் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தார். "என்ன செய்தவை அம்மா?" என்று கேட்டேன். "தெரியாது பாதர். கையெழுத்து வையுங்கோ எண்டினம், வைச்சன்" என்றார். தோட்டக் காணி உறுதி எழுத நொத்தாரிசிடம் போனால், நாலு எல்லையையும் இரண்டுதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்கும் அதே அம்மாதான்!

இடம்பெயர்ந்த எமது மக்கள் நிவாரணத்துக்கும் பதிவுக்கும் நீட்டிய தாளிலெல்லாம் கையொப்பமிட்டே வாழ்ந்தவர்கள். மறுத்தால் அரிசி நின்றுவிடும் என்ற பயம். அந்தப் பயம் இன்று ஆஸ்பத்திரிக்கும் கூடவே வருகிறது.

2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில், பிள்ளைகளின் போசாக்கைப் பார்ப்பதாக அழைக்கப்பட்ட தாய்மார், தமது கையில் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாகவும் போதிய விளக்கம் தரப்படவில்லை என்றும் முறையிட்டனர். வற்புறுத்தவில்லை என்றனர் அதிகாரிகள். கருத்தடை பற்றிய திருச்சபையின் போதனை வேறு விடயம். அத்தாய்மாருக்கு யோசிக்கவும், கணவரோடு பேசவும், வேண்டாம் என்று சொல்லவும் இடமிருந்ததா என்பதே என் கேள்வி.

ஆராய்ச்சி என்று வரும்போது இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வொன்றில் பழங்குடிச் சிறுமிகள் பலர் சேர்க்கப்பட்டனர். அங்கு பெறப்பட்ட 9,543 சம்மதப் படிவங்களில் 1,948இல் பெருவிரல் அடையாளம் மட்டுமே இருந்ததையும், 2,763இல் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டிருந்ததையும் இந்தியப் பாராளுமன்றக் குழு 2013இல் வெளிப்படுத்தியது. தடுப்பூசி நல்லதுதான்; 2017 முதல் எமது பாடசாலைகளிலும் போடுகிறார்கள். ஆனால் பெற்றோரைக் கேட்காதது கேட்காததே.

எனவே என்ன வருத்தம், என்ன செய்யப்போகிறார்கள், ஆபத்து என்ன, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று தயங்காமல் கேளுங்கள். ஆராய்ச்சியானால், இடையில் விலகலாமா, விலகினாலும் வழமையான வைத்தியம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். நினைவிழந்து உயிர் ஊசலாடும் வேளையில் வைத்தியர் காத்திருக்க முடியாது, அது வேறு. வைத்தியத்தைத் தமிழில் விளக்க முடியாது என்பாரும் உளர். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் எமது பிள்ளைகளுக்குத் தமிழில் வைத்தியம் கற்பித்தார்.

அந்தத் தாய் அடுத்த கிளினிக்குக்கு மகளையும் அழைத்துச் சென்றார். கேட்கவேண்டியதையெல்லாம் மகள் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். வைத்தியர் கதிரையை இழுத்துப் போட்டு, படம் கீறி விளக்கினாராம்.