ரேங்குக்குக் கிடைக்கும் சீட்டா, ரொக்கத்துக்குக் கிடைக்கும் சீட்டா?

தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில், பி.யு.சி. முடிவும் சி.இ.டி. நுழைவுத் தேர்வு ரேங்கும் வந்ததும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: எந்த யுனிவர்சிட்டி? 1964-ல் தொடங்கிய பெங்களூர் பல்கலைக்கழகம் 2017-ல் மூன்றாகப் பிரிந்தது. கிறைஸ்ட் கல்லூரி 2008-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. பி.இ.எஸ்., ரேவா ஆகியவை 2013-ல் தனியார் பல்கலைக்கழகங்களாயின. இவ்வளவையும் ஒப்பிடப் பெற்றோர் நம்புவது பெயரையும் தரவரிசையையும்தான். ஆனால் அவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த சீட் பிள்ளையின் ரேங்குக்குக் கிடைக்கிறதா, அப்பாவின் ரொக்கத்துக்குக் கிடைக்கிறதா?

அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். சம திறமை உள்ள மாணவர்களில், நுழைவதற்குக் கடினமான கல்லூரியில் படித்தவரும் அவ்வளவு கடினமில்லாத கல்லூரியில் படித்தவரும் பின்னாளில் ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். விதிவிலக்கும் இருந்தது. கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்களும், அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளும் கடினமான கல்லூரியால் உண்மையாகவே பலனடைந்தார்கள். நம் நாட்டுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் உருவாகும் பகுதிக்கு இதில் சேதி இருக்கிறது. செல்வாக்கும் தொடர்பும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, நன்றாகப் படிக்கும் சக மாணவர்களின் கூட்டமே பெரிய சொத்து. அந்தக் கூட்டம் சேருவது தேர்வெழுதி நுழையும் இடத்தில். கட்டடமும் விளம்பரமும் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் சேரும் என்பதில்லை.

விஸ்வேஸ்வரய்யா 1917-ல் தொடங்கிய யு.வி.சி.இ. பொறியியல் கல்லூரியைப் பாருங்கள். கே.ஆர். சர்க்கிளில் இருக்கிறது, சி.இ.டி. ரேங்கில் இடம் தருகிறது. ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம் மெஜஸ்டிக். அங்கே ஊதா வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே யு.வி.சி.இ.க்கு அருகிலுள்ள சென்ட்ரல் கல்லூரி. பெண் பிள்ளை என்றால் 2023 ஜூன் முதல் சாதாரண அரசுப் பேருந்தில் டிக்கெட்டுக்குக் காசே வேண்டாம். ஹாஸ்டல் செலவும் மிச்சம். தனியார் கல்லூரியே என்றாலும் கணக்கு இதுதான். சி.இ.டி. கவுன்சலிங்கில் வந்தவரும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் வந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே ஆசிரியரிடம் படித்து, ஒரே பட்டம் வாங்குகிறார்கள். கட்டணம் மட்டும் பல மடங்கு வேறுபடுகிறது.

தரவரிசையைத் தள்ளிவிட முடியுமா என்று கேட்பார்கள். தள்ள வேண்டாம், படிக்கத் தெரிந்தால் போதும். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையின் பல்கலைக்கழகப் பட்டியலில் ஆராய்ச்சிக்கு 30 சதவீதம், கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30, தேர்ச்சி உள்ளிட்ட பலன்களுக்கு 20. பி.காம். சேரும் பிள்ளைக்கு ஆராய்ச்சி மதிப்பெண்ணால் என்ன லாபம்? உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் கிரேடையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஆய்வுக்குப் போன குழுவினரையே லஞ்சப் புகாரில் 2025 பிப்ரவரியில் சி.பி.ஐ. கைது செய்தது. தரவரிசை நிச்சயம் உதவும் இடம் கடன். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம் என்.ஐ.ஆர்.எஃப். அடிப்படையில் தேர்ந்த நிறுவனங்களுக்கானது; தொடக்கத்தில் அவை 860. ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. அதுவும் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கே.

அரசுக் கல்லூரியில் ஆசிரியர் பற்றாக்குறை, பழைய லேப், தனியாரில்தான் கேம்பஸ் பிளேஸ்மென்ட் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பல்கலைக்கழகத்தின் பெயரோடு நிற்காமல், சேரப்போகும் துறைக்கே போய்ப் பார்க்கச் சொல்கிறேன். நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? அதிகபட்ச சம்பளத்தை விடுங்கள், அந்தப் பிரிவில் நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன சம்பளம்? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத இடம் அரசோ தனியாரோ, பட்டியலில் கீழே போகட்டும்.

பட்டியல் சாதித் தமிழ்க் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள் புதிய மாநிலத்தில் பட்டியல் சாதி ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் தீர்ப்பளித்தது. 1950-க்கு முன்பே இங்கு குடியேறிய குடும்பம் என்றால் அதற்கான ஆவணத்தைக் கவுன்சலிங்குக்கு முன்பே திரட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஆவணத்தால் சீட்டும் கட்டணமும் சேர்ந்தே மாறலாம்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கான மொத்தச் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள். ரேங்கில் கிடைக்கும் இடங்களை முதலில் அலசுங்கள். அவசரப்பட்டு எங்காவது பணம் கட்டிவிட்டால், சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன் விலகினால் சிறு நடைமுறைக் கட்டணம் போக மீதிக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்ற யு.ஜி.சி.யின் 2018 விதியைக் காட்டிக் கேளுங்கள். நகையை அடகு வைத்து வாங்கும் சீட்டைவிட, பிள்ளை தன் ரேங்கில் வாங்கும் சீட்டே பெரிது.