வாத்தியார் மாறினால் டீம் மாறுமா?

சென்னையின் எஃப்.சி. புதிய பயிற்சியாளரை அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். இனி கப் நமக்குத்தான் என்று ஒரு கட்சி துள்ளும். இவரை எங்கே பிடித்தார்கள் என்று இன்னொரு கட்சி தலையில் அடித்துக்கொள்ளும். பார்வைக்கு எதிரெதிராக இருந்தாலும் இரண்டு கட்சிக்கும் அடிப்படை நம்பிக்கை ஒன்றே: ஓர் அணியின் தலைவிதியை எழுதுகிறவர் பயிற்சியாளர். நேரு ஸ்டேடியத்தில் போய் உட்கார்ந்து கத்த வாய்ப்பில்லாமல், பெரம்பலூரிலும் அரியலூரிலும் செல்போன் திரையில் மேட்ச் பார்க்கிற ரசிகரிடம் இந்த நம்பிக்கை இன்னும் அழுத்தமாக இருந்தால் அதில் வியப்பில்லை. அந்த நம்பிக்கை அவர் வளர்ந்த மைதானத்திலிருந்தே வருகிறது.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அணி கிடையாது. ஒரு பையனுக்குக் கால்பந்து அறிமுகமாவது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில்தான்: குடியரசு தினப் போட்டிகள், பாரதியார் தினப் போட்டிகள், அதற்கு மேல் போனால் முதலமைச்சர் கோப்பை. அந்த உலகத்தில் பி.டி. வாத்தியார்தான் எல்லாம். ஆளைப் பொறுக்குவது, சுண்ணாம்பில் கோடு போடுவது, பந்துக்குக் காசு புரட்டுவது, பையன்களை பஸ் ஏற்றிக் கூட்டிப்போவது, மகன் படிப்பு கெடுகிறது என்று வரும் அப்பாவைச் சமாளிப்பது வரை அவர் பொறுப்பு. அவர் மாறுதலாகிப் போனால் பல பள்ளிகளில் டீமும் அவரோடு போய்விடும். அடுத்து வருகிறவருக்கு வாலிபால் பிடிக்கும் என்றால் கோல் கம்பம் இருந்த இடத்தில் வலை ஏறிவிடும். ஆகவே வாத்தியார் மாறினால் டீமே மாறும் என்பது அங்கே மூடநம்பிக்கை அல்ல, கண்ணால் கண்ட உண்மை. அதே கணக்கைத் தொழில்முறை கிளப்புக்கும் போடும்போதுதான் பிசகுகிறது.

சென்னையின் எஃப்.சி.யின் பத்தாண்டுச் சரித்திரத்தைப் புரட்டினாலே இது விளங்கும். 2014இல் கிளப் தொடங்கியபோது வந்தவர் மார்கோ மாத்தெராட்ஸி. 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலி வீரர். இறுதிப் போட்டியில் ஜிடேனிடம் தலைமுட்டு வாங்கியவர் என்பதால், கால்பந்தே பார்க்காதவர்களுக்கும் தெரிந்த பெயர். 2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தில் தவித்த நாட்களில், சொந்த மைதானத்து அரையிறுதியைப் புனேயில் ஆடி ஜெயித்து, கோவாவில் கோப்பையையும் தூக்கினார்கள். அடுத்த ஆண்டு, அதே மாத்தெராட்ஸி, எட்டு அணிகளில் ஏழாவது இடம். பிறகு ஜான் கிரிகோரி வந்தார். 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மண்ணில் 3-2 என்று சாய்த்து இரண்டாவது கோப்பை. அடுத்த சீசனில் பத்து அணிகளில் பத்தாவது இடம். ஒரே வருடத்தில் கிரிகோரிக்கு வேலை மறந்துபோகவில்லை. கேப்டன் என்ரிக் செரேனோ போய்விட்டார். நடுக்களத்தைத் தாங்கிய சென்னைக்காரர் தனபால் கணேஷ் காயத்தால் சீசனின் பெரும்பகுதி ஆடவில்லை.

இதைவிடப் பலமான சாட்சி அடுத்து வருகிறது. 2020-21இல் சாபா லாஸ்லோ, 2021-22இல் போசிதார் பாண்டோவிச், 2022-23இல் தாமஸ் பிர்தாரிச். மூவர் பிறந்த நாடும் வேறு, ஆடவைத்த முறையும் வேறு. பாண்டோவிச்சை சீசன் நடுவிலேயே அனுப்பிவிட்டு, இந்தியன் வங்கி அணியின் பழைய நட்சத்திரம் சபீர் பாஷாவிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஒவ்வொரு நியமனத்துக்கும் கொண்டாட்டமும் புலம்பலும் குறைவில்லாமல் நடந்தன. மூன்று சீசனிலும் அணி முடித்த இடம் எட்டு. எட்டு, எட்டு, எட்டு! ஆளை மாற்றிக்கொண்டே இருந்தவர்கள் மாற்றாமல் விட்டது எதை என்பதைத்தான் ரசிகர்கள் அப்போது கேட்டிருக்க வேண்டும்.

இது சென்னைக் கதை மட்டுமல்ல. பாஸ் தெர் வீல் என்ற நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் அந்நாட்டு லீகின் 1986 முதல் 2004 வரையிலான முடிவுகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். தொடர் தோல்விக்குப் பிறகு பயிற்சியாளரை நீக்கிய அணிகள் மீண்டது உண்மை. ஆனால் அதே அளவு சறுக்கியும் பயிற்சியாளரை வைத்துக்கொண்ட அணிகளும் மீண்டிருந்தன. படுகுழியில் கிடக்கும் அணிக்கு அடுத்த படி பெரும்பாலும் மேலேதான். அந்த நேரத்தில் யார் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கு மாலை விழுகிறது. வீரர்களுக்கு எந்தக் கிளப் அதிகச் சம்பளம் கொடுக்கிறதோ அது நீண்டகாலத்தில் மேலே நிற்கும் என்பது ஐரோப்பிய லீகுகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

அப்படியானால் 2019இல் ஓவன் கோயில் செய்தது என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிரிகோரியின் கீழ் அந்த சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னையின் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. நவம்பர் இறுதியில் அவர் விலக, கோயில் வந்தார். அதே வீரர்களை வைத்து அணி இறுதிப் போட்டிவரை போனது; வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்து தங்கக் காலணி வாங்கினார். இதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ள நான் தயாரில்லை. பயந்து ஆடிய அணியை முன்னேறி ஆடவைத்தது கோயிலின் கைவண்ணம்தான். ஆனால் அவர் தொட்டது கோல் அடிக்கத் தெரிந்த ஓர் அணியை. அடுத்த ஆண்டு கோயிலும் வால்ஸ்கிஸும் சேர்ந்தே ஜாம்ஷெட்பூர் போனார்கள். இங்கே எஞ்சிய அணி இருபது ஆட்டங்களில் பதினொன்றை டிரா செய்தது. 2023இல் அதே கோயில் திரும்பி வந்தபோது ரசிகர்களின் ஆரவாரம் சொல்லி மாளாது. முதல் சீசனில் ஆறாவது இடம், இரண்டாவதில் பதின்மூன்று அணிகளில் பதினொன்று.

ஐஸ்வால் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் வாதத்துக்கு அதுதான் பெரிய இடைஞ்சல். மும்பை எஃப்.சி. வேண்டாம் என்று விட்ட காலித் ஜமீல், மிசோரத்தின் ஏழைக் கிளப்பான ஐஸ்வாலுக்கு 2017இல் ஐ-லீக் பட்டமே வாங்கிக் கொடுத்தார். பணமில்லாமலும் ஜெயிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் அந்த மாநிலத்தில் 2012 முதலே சொந்த லீக் ஓடிக்கொண்டிருந்தது, ஆளுக்குப் பஞ்சமில்லை. அடுத்த ஆண்டு ஈஸ்ட் பெங்கால் போன ஜமீல், பணமும் கூட்டமும் நிறைந்த அந்தக் கிளப்பில் நான்காவது இடத்தோடு நின்றார். 2025 ஆகஸ்டில் இந்திய அணியே அவரிடம் வந்தது. நம்ம ஆள் வந்துவிட்டார் என்ற மகிழ்ச்சி அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பு கைநழுவியபோது அடங்கிவிட்டது.

இதற்காக ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கிளப் எடுக்கும் முடிவுகளில் அவர்கள் கண்ணுக்குத் தெரிவது பயிற்சியாளர் பெயர் ஒன்றுதான். பட்ஜெட்டையோ வீரர் ஒப்பந்தத்தையோ யாரும் காட்டுவதில்லை. தெரிந்ததைத்தானே விமர்சிக்க முடியும்? இருந்தும் அதைத் தாண்டிப் பார்க்க முடியும் என்பதைப் பக்கத்து மாநிலம் காட்டியது. 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸ் மிகேல் ஸ்டாரேவைப் பாதியில் அனுப்பிய நேரத்தில், மஞ்ஞப்பட என்ற அதன் ரசிகர் குழுவினர் அடுத்து யார் என்று கணித்துக்கொண்டிருக்கவில்லை. டிக்கெட் வாங்க மாட்டோம் என்று அறிவித்து, கோபத்தை நிர்வாகத்தின் பக்கம் திருப்பினார்கள்.

சென்னையின் எஃப்.சி.யில் 2025இன் பிற்பாதியில் கோயில் இடத்துக்கு வந்த கிளிஃபோர்ட் மிராண்டா கோவாக்காரர். 2023இல் இடைக்காலப் பொறுப்பில் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கித் தந்தவர். கிளப்பின் முதல் நிரந்தர இந்தியப் பயிற்சியாளர் என்ற பெருமை வேறு. ஆனால் அவர் வந்த நேரம் எப்படிப்பட்டது? இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் அதன் வணிகப் பங்காளியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் லீகே நின்றுபோயிருந்தது. கிளப் ஆகஸ்டில் வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்திருந்தது. அக்டோபர் சூப்பர் கோப்பையில் மோகன் பகானிடம் 0-2, ஈஸ்ட் பெங்காலிடம் 0-4. லீக் 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது. மிராண்டா நல்லவரா கெட்டவரா என்று இந்தக் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர், பந்தே வாங்கித் தராத பள்ளியின் பி.டி. வாத்தியாரிடம் கோப்பை எங்கே என்று கேட்பவருக்குச் சமம். பெரம்பலூர்க்காரரும் அரியலூர்க்காரரும் அந்தப் பள்ளியை நன்றாக அறிந்தவர்கள். தங்கள் மாவட்ட லீகில் எத்தனை அணிகள் பதிவாகியிருக்கின்றன, வருடத்துக்கு எத்தனை மேட்ச் நடக்கிறது, பதினான்கு வயதுப் பையனுக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு, சென்னையில் யார் பெஞ்சில் உட்கார்ந்தாலும் பதில் வராது. அவற்றைக் கேட்க வேண்டிய இடம் மாவட்டக் கால்பந்து சங்கம்.