ஈர்ப்பு மாறினால் பயிர் என்னவாகும்?

வேர் நுனியின் செல்களில் மாவுச்சத்துத் துகள்கள் உண்டு. அவை கூழாங்கல்போல அடியில் படியும். எந்தப் பக்கம் படிகின்றனவோ அதுவே கீழ்த்திசை. உடனே ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் அப்பக்கம் கூடுகிறது. வேரில் ஆக்சின் மிகுந்தால் வளர்ச்சி குறையும் என்பதால், அதன் அடிப்புறம் மெதுவாகவும் மேற்புறம் வேகமாகவும் வளர, வேர் கீழ்நோக்கி வளைகிறது.

விண்வெளியில் துகள்கள் படிவதில்லை. வேருக்குத் திசை தெரிவதில்லை. தன் எடையைத் தாங்கும் தேவை இல்லாததால், தண்டை விறைப்பாக்கும் லிக்னின் குறையக்கூடும். நீரும் வடியாமல் வேரைச் சுற்றிப் படலமாக ஒட்டுவதால், வேருக்குக் காற்று கிடைப்பது கடினம்.

இவற்றைத் தரையிலேயே ஆராயலாம். புனே பல்கலைக்கழக இயற்பியல் துறையினர் நெல் விதைகளை இரு வழிகளில் சோதித்தனர். மையவிலக்கியில் வேகமாகச் சுழற்றி மிகை ஈர்ப்புக்கு உட்படுத்தியபோது நாற்றின் வளர்ச்சியும் பச்சையமும் குறைந்தன. மற்றொரு வழியான கிளினோஸ்டாட் கருவி விதையை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கமும் நிலையாகக் கீழே இராது. அதில் வளர்ச்சி, பச்சையம் இரண்டும் கூடின.

2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்டில் இஸ்ரோ 8 தட்டைப்பயறு விதைகளை விண்வெளிக்கே அனுப்பியது. அவை 4 நாளில் முளைத்தன. பின்னர் இலையும் விட்டன. சர்வதேச விண்வெளி நிலையத்தில் விளைந்த சிவப்பு லெட்யூஸ் கீரையை விண்வெளி வீரர்கள் 2015 ஆகஸ்டிலேயே உண்டுவிட்டனர். ஈர்ப்பு உணரப்படாத இடத்திலும் ஒளியும் காற்றோட்டமும் நீரளவும் சரியாக அமைந்தால் பயிர் விளையும்.