அண்டை மாறினால் நிறம் மாறும்

ஒரே பழுப்புக் காகிதத்திலிருந்து இரண்டு சிறு துண்டுகளை வெட்டி, ஒன்றை மஞ்சள் தாளின் நடுவிலும் மற்றதைக் கருநீலத் தாளின் நடுவிலும் ஒட்டிப் பாருங்கள். மஞ்சளில் இருப்பது இருண்டு தெரியும். நீலத்தில் இருப்பது வெளுத்துத் தெரியும். இரண்டும் ஒரே தாள்தானா என்று வெட்டிய கைக்கே சந்தேகம் வரும்.

ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸின் நிற வகுப்பு இதுதான். அவர் மாணவர்களிடம் சாயத்தை விட வண்ணக் காகிதங்களையே அதிகம் கொடுத்தார். காரணம் அழகானது. சாயத்தைக் குழைத்தால் அதே நிறம் மறுபடி வருவது கடினம்; காகிதம் மாறாது. ஆகவே கண்ணில் தெரியும் வேறுபாட்டுக்குக் கலவையைக் குறைசொல்ல முடியாது. பக்கத்து நிறம்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

1888இல் ஜெர்மனியின் பாட்ரப் நகரில், வீடுகளுக்கு வண்ணம் பூசும் கைவினைஞரின் மகனாகப் பிறந்தார் ஆல்பர்ஸ். பள்ளி ஆசிரியராக இருந்தவர், 32 வயதில் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். நாஜிகளின் நெருக்கடியில் 1933இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. அதே ஆண்டு, நெசவுக் கலைஞரான மனைவி அன்னியுடன் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் 1949 வரையும், அடுத்து யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். ராபர்ட் ரவுஷன்பெர்க், ரூத் அசாவா, ஈவா ஹெஸ்ஸே மூவரும் அவரிடம் படித்தவர்கள். மூவரின் படைப்புகளும் ஆசிரியருடையதைப் போல இல்லை என்பதே அவர் கற்பித்த விதத்துக்குப் பெரிய சான்று.

1950இல் ‘சதுரத்துக்கு வணக்கம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஓவிய வரிசையைத் தொடங்கினார். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அல்லது நான்கு சதுரங்கள், அவ்வளவுதான். ஆனால் அவை நட்டநடுவில் இருக்காது. கீழே ஒரு பங்கு இடைவெளி என்றால் பக்கங்களில் இரண்டு, மேலே மூன்று. இந்தக் கணக்கால் சதுரங்கள் கீழே இறங்கி அமர்ந்தது போல இருக்கும். நிறங்களோ சில ஓவியங்களில் முன்னே வரும், சிலவற்றில் குகைபோல உள்ளே போகும். வடிவம் மாறாததால் பார்ப்பவரின் கவனம் முழுவதும் நிறத்திடமே போகிறது.

1976இல் இறக்கும்வரை இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வரைந்தார். மரநாரை அழுத்திச் செய்த மேசனைட் பலகைக்கு வெள்ளை பூசி, டியூபிலிருந்து பிதுக்கிய சாயத்தைப் பெரும்பாலும் எதுவும் கலக்காமல் கத்தியால் தடவுவார். நடுச் சதுரத்தில் தொடங்கி வெளியே வருவது, வேலை செய்த இடத்தில் கை படாமலிருக்க அப்பாவிடம் கற்ற முறை. பலகையின் பின்புறத்தில் எந்த நிறம், எந்தக் கம்பெனியின் சாயம் என்று ஒவ்வொன்றையும் அவரே கையால் எழுதிவைத்திருக்கிறார்.