எரியும் விளக்கைப் பழுது என்கிறதே கார்!

விருதுநகரிலிருந்து சாத்தூர் செல்லும் நெடுஞ்சாலையிலும் சிவகாசிச் சாலையிலும் இரவில் கார் ஓட்டுவோர் சிலர், முகப்பு விளக்கின் வெளிச்சம் போதவில்லை என்று கருதுகின்றனர். காரோடு வந்த ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பை மாட்டுகின்றனர். விளக்கு வெள்ளை வெளேரென்று எரிகிறது. ஆனால் சில கார்களில் 'பல்பு பழுது' என்ற எச்சரிக்கை டேஷ்போர்டில் தோன்றி, மறையாமல் நிற்கிறது. எரியும் விளக்கைப் பழுது என்று கார் சொல்வது ஏன்? இதற்கான விடை பள்ளியில் படித்த ஓம் விதியிலேயே இருக்கிறது.

மின்னோட்டமே சாட்சி

விளக்கு எரிகிறதா என்று பார்க்கக் காருக்குக் கண் இல்லை. விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தை அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி அளக்கிறது. எச்-4 வகை ஹாலோஜன் பல்பின் தாழ்ந்த ஒளிக்கற்றை 55 வாட் கொண்டது. பாட்டரியின் அழுத்தம் 12 வோல்ட் எனக் கொண்டால், 55-ஐ 12-ஆல் வகுக்க, மின்னோட்டம் ஏறக்குறைய 4.6 ஆம்பியர் ஆகும். இழை அறுந்தால் மின்னோட்டம் நின்றுவிடும். எனவே மின்னோட்டம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கும்படி பெட்டி அமைக்கப்பட்டிருக்கிறது.

புதிதாக மாட்டிய எல்.இ.டி. பல்பு 24 வாட் கொண்டது என்போம். அது எடுப்பது 2 ஆம்பியர் மட்டுமே. எச்சரிக்கை எல்லை 3 ஆம்பியர் என்றால், பெட்டி இதைப் பழுது என்றே முடிவு செய்யும்.

அணைத்த பிறகும் மினுக்குவது ஏன்?

சில கார்கள் விளக்கு அணைந்திருக்கும்போதும் சோதிக்கின்றன. கண்ணிமைக்கும் நேரத்திற்கும் குறைவான மின்துடிப்பை அனுப்பி, சுற்று முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கின்றன. இழை சூடேறி ஒளிர அந்த நேரம் போதாது. எல்.இ.டி.யோ உடனே ஒளிரும், அதனால் மினுக்குகிறது.

சிவகாசி வட்டாரத்தாருக்கு இந்தத் தத்துவத்தை எளிதில் விளக்கலாம். வாண வேடிக்கைகளில் தொலைவிலிருந்து மின்சாரத்தால் பற்றவைக்கும் முறை உண்டு. கொளுத்துவதற்கு முன், மில்லி ஆம்பியர் அளவிலான சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி இணைப்பைச் சோதிப்பார்கள். திரியைப் பற்றவைக்க அந்த அளவு போதாது; இணைப்பு அறுந்திருக்கிறதா என்று அறிய மட்டும் போதும்.

ரெசிஸ்டர் என்னும் மருந்து

எச்சரிக்கையை நீக்க, கடைகளில் எல்.இ.டி.க்குப் பக்க இணைப்பாக ஒரு ரெசிஸ்டரை மாட்டுகின்றனர். 6 ஓம் ரெசிஸ்டர் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கும். எல்.இ.டி.யின் 2 ஆம்பியரோடு சேர்ந்து மொத்தம் 4 ஆம்பியர் ஆகும், எச்சரிக்கை மறையும்.

ஆனால் ரெசிஸ்டர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது. எஞ்சின் ஓடும்போது அழுத்தம் ஏறக்குறைய 14 வோல்ட். 14-ஐ 14-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 33 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் சிறிய சால்டரிங் அயன் 25 வாட் தான்! ஆகவே ரெசிஸ்டரை உலோகத் தகட்டில் இறுக்கிப் பொருத்த வேண்டும். பிளாஸ்டிக்கின் மீதோ, வயர்களோடு சேர்த்தோ கட்டக்கூடாது. பட்டாசோ அதன் மூலப்பொருளோ ஏற்றும் வண்டியில் இந்த வேலையே கூடாது.

மறைந்திருக்கும் ஆபத்து

6 ஓமுக்குப் பதில் 3 ஓம் ரெசிஸ்டரை மாட்டினால் என்ன ஆகும்? 12 வோல்ட்டில் அது தனியாகவே 4 ஆம்பியர் எடுக்கும். 14 வோல்ட்டில் 65 வாட் வெப்பம் வெளிவிடும். பிறகு எல்.இ.டி. செத்துப்போனாலும் மின்னோட்டம் எல்லைக்குக் கீழே இறங்காது. ஒரு பக்கம் இருண்ட கார் எதிரே வருவோருக்கு மோட்டார் சைக்கிள் போலத் தெரியும். ஓட்டுநருக்கோ எந்த எச்சரிக்கையும் வராது.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். ரெசிஸ்டரை மாட்டிய பின், அதன் இணைப்பை அப்படியே விட்டு, எல்.இ.டி.யின் இணைப்பை மட்டும் கழற்றி விளக்கைப் போடுங்கள். எச்சரிக்கை மீண்டும் வந்தால், எரியும்போது நடக்கும் சோதனை பிழைத்திருக்கிறது. வராவிட்டால் காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டீர்கள் என்று பொருள். அணைந்திருக்கும்போது நடக்கும் சோதனையை எந்த ரெசிஸ்டரும் ஏமாற்றிவிடும்.

என்ன செய்யலாம்?

எச்சரிக்கை வந்ததும் முதலில் பழைய பல்பை மாட்டிப் பாருங்கள். அப்போதும் நீடித்தால், ஃப்யூஸ், இணைப்பு, துரு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கூடுதல் வெளிச்சத்துக்காக 100 வாட் ஹாலோஜனும் வேண்டாம். 60 வாட்டுக்கான வயரில் மின்னோட்டம் ஒன்றே முக்கால் மடங்கை நெருங்கும். வயரில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தில், சுமார் 2.8 மடங்காக உயரும்.

டேஷ்போர்டு சொல்லாத குறை ஒன்றும் உண்டு. பிரதிபலிப்பான் ஹாலோஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது. எல்.இ.டி.யின் ஒளிப்புள்ளி சிறிது விலகினாலும் ஒளி மேலே சிதறி எதிரே வருவோர் கண்ணைக் கூச வைக்கும். மாலை மங்கியபின் சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் கட்டுப்படுத்துவதும் நினைவிருக்கட்டும்.

மங்கிய கண்ணாடியைத் துடைத்து, அதே அளவுள்ள புதிய ஹாலோஜன் பல்பை மாட்டி, ஒளிக்கற்றையின் சாய்வைச் சரிசெய்தாலே பல கார்களில் வெளிச்சக் குறை பெரும்பாலும் தீரும். பழுது எச்சரிக்கையும் வராது.