வர்ணனை நின்ற இடத்தில் எழும் பாட்டு

'நவ்' என்ற கியூப ஆவணப்படம் 1965இல் வந்தது. ஓடும் நேரம் ஆறு நிமிடம். வர்ணனை என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. அமெரிக்கக் கறுப்பின மக்களைப் போலீசார் தடியால் அடிப்பதும், நாயை ஏவிக் கடிக்க விடுவதும், தெருவில் இழுத்துச் செல்வதுமான புகைப்படங்களும் செய்திக் காட்சிகளும் அடுக்கடுக்காக வருகின்றன. அவற்றின் மேல் லீனா ஹார்ன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகியின் குரல் ஒலிக்கிறது. 'ஹவா நகிலா' என்ற புகழ்பெற்ற யூத நடன மெட்டில் அமைந்த பாட்டு அது. மெட்டு வேகம் பிடிக்கப் பிடிக்கப் படங்களும் வேகம் பிடிக்கின்றன. கடைசியில் துப்பாக்கிக் குண்டுகள் திரையைத் துளைத்து 'இப்போதே' என்ற பொருள்தரும் அந்தத் தலைப்பை எழுதுகின்றன. இயக்குநர் சாந்தியாகோ ஆல்வாரெஸ் இதற்காக அமெரிக்கா போகவில்லை. அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த படங்கள், கையில் கிடைத்த செய்திச்சுருள்கள், ஓர் இசைத்தட்டு, இவ்வளவுதான் அவருடைய மூலப்பொருள். கியூப ஆவணப்படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இங்கே வறுமையிலும் செம்மை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அமெரிக்கத் தடையால் பிலிம் சுருளுக்கே திண்டாட்டம் என்பது உண்மைதான். ஆனால் பிலிம் தட்டுப்பாடு அந்தக் காலத்தில் எத்தனையோ ஏழை நாடுகளில் இருந்தது. அங்கெல்லாம் ஒரு 'நவ்' பிறக்கவில்லை. கியூபக் குறும்படங்களின் தனித்தன்மை வேறிடத்தில் இருக்கிறது. மற்றவர்கள் வர்ணனையாளரிடம் ஒப்படைத்த வேலையைக் கியூப இயக்குநர்கள் இசையிடம் ஒப்படைத்தார்கள். அந்தப் படங்களில் பாட்டுதான் வாதிடுகிறது. அந்த மரபின் பெருமை, அதன்மேல் விழுந்த அடி இரண்டுக்குமே காரணம் அதுதான் என்பது என் முடிவு.

ஆல்வாரெஸ் படம் எடுக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது. அதற்கு முன் ஹவானாவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் இசைக் காப்பகத்தில் வேலை பார்த்தவர். எந்த இசைத்தட்டை எந்தக் காட்சிக்குப் போடலாம் என்று பழகிய காது அவருடையது. புரட்சி வென்று மூன்று மாதம் முடிவதற்குள், 1959 மார்ச்சில், கியூப அரசு 'இகாயிக்' என்ற திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கியது. சினிமா ஒரு கலை என்று அதன் சட்டமே அறிவித்தது. அதன் வாராந்திரச் செய்திச்சுருள் 1960 முதல் 1990 வரை ஏறத்தாழ 1,500 இதழ்கள் வெளிவந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் ஆல்வாரெஸ். 2009இல் யுனெஸ்கோ அதன் மூலப்பிரதிகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. வாராவாரம் செய்தி தயாரிக்கும் அவசரத்தில்தான் அவருடைய பாணி உருவானது. சே குவேரா இறந்த செய்தி வந்ததும் இரண்டே நாளில் ஒரு படம் செய்து முடித்தார். 1969இல் ஹோ சி மின் 79ஆம் வயதில் மறைந்தபோது '79 வசந்தங்கள்' எடுத்தார். மலர் விரியும் காட்சியை அடுத்து குண்டு விழும் காட்சி. ஹோ சி மின்னின் இறுதி ஊர்வலத்தில் ஒலிப்பதோ அமெரிக்க ராக் இசை! ஆங்கில ராக்கைக் கியூப வானொலி சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. எதிரி நாட்டு இளைஞர்களின் இசையிலேயே அந்த நாட்டுக் குண்டுகளால் வந்த துயரத்தைக் கேட்கவைத்தார் ஆல்வாரெஸ்.

இதெல்லாம் வெறும் பிரச்சாரம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பிரச்சாரம்தான், ஆல்வாரெஸே அதை மறைக்கவில்லை. ஆனால் 'நவ்' காட்டிய போலீஸ் நாய்கள் கற்பனையல்ல, அமெரிக்கப் பத்திரிகைகளே வெளியிட்டவை. ஒரு படம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதாலேயே பொய்யாகிவிடாது. எதிர்ப்பக்கம் சாய்ந்த படத்துக்கும் அதே நிறுவனம் இடம் கொடுத்ததா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அங்கேதான் வழக்கு சிக்கலாகிறது.

1961இல் சபா கப்ரேரா இன்ஃபாந்தே, ஒர்லாந்தோ ஹிமெனெஸ் லெயால் என்ற இரண்டு இளைஞர்கள் 'பி.எம்.' என்றொரு படம் எடுத்தார்கள். பதினான்கு நிமிடம் ஓடும். இரவில் ஒரு படகு ஹவானா விரிகுடாவைக் கடந்து வருகிறது. துறைமுகத்தை ஒட்டிய மலிவான மதுக்கடைகளில் உழைக்கும் மக்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், குடிக்கிறார்கள், ஆடுகிறார்கள், வாக்குவாதம் செய்கிறார்கள். படகு திரும்பிப் போகிறது. வர்ணனை இல்லை, மேளமும் பாட்டும் மனிதர்களின் சலசலப்பும்தான். தொலைக்காட்சியில் ஒருமுறை காட்டப்பட்ட இந்தப் படத்துக்குத் திரையரங்கில் ஓட இகாயிக் அனுமதி மறுத்தது. எழுத்தாளர்கள் கொதித்தார்கள். அந்த ஜூன் மாதம் தேசிய நூலகத்தில் கூட்டங்கள் நடந்தன. முடிவில் ஃபிடல் காஸ்ட்ரோ பேசினார். புரட்சிக்கு உள்ளே எல்லாவற்றுக்கும் இடமுண்டு, எதிராக எதற்கும் இல்லை என்ற அவருடைய வரையறை அங்கே பிறந்ததுதான். எது உள்ளே, எது எதிர் என்று தீர்ப்பது யார் என்ற கேள்விக்கு அந்தப் பேச்சில் கலைஞர்களுக்கு நிம்மதி தரும் பதில் இல்லை. படத்துக்காகப் போராடிய 'லூனெஸ்' என்ற இலக்கிய இதழும் அந்த ஆண்டே நின்றுபோனது.

தடைசெய்தவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்கா ஏவிய படையெடுப்பு நடந்தது அந்த ஏப்ரலில்தான். முற்றுகையில் இருக்கும் நாடு குடித்து ஆடுவதைக் காட்டலாமா என்று கேட்டார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனாலும் வாதம் நிற்காது. 'பி.எம்.' யாரையும் எதிர்த்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. போர்க்கால எச்சரிக்கை என்றால் போர் தணிந்ததும் தளர்ந்திருக்கவேண்டும். அடுத்த பல ஆண்டுகளிலும் அது தளரவில்லை.

புகழப்பட்ட ஆல்வாரெஸ், தடைசெய்யப்பட்ட 'பி.எம்.' என்ற இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் நிற்பவர் இயக்குநர் சாரா கோமெஸ். ஹவானா இசைப்பள்ளியில் பியானோ படித்த கறுப்பினப் பெண். 1974இல் ஆஸ்துமாவால் இறந்தபோது வயது முப்பத்தொன்று. 1967இல் அவர் எடுத்த 'எங்களிடம் சுவை இருக்கிறது' கியூப இசைக்கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டும் படம். ஒன்றோடொன்று தட்டும் இரண்டு கட்டைகள், கழுதையின் தாடையெலும்பு, ஊதி ஒலியெழுப்பும் எண்ணெய்ச்சாடி, இரும்புத் தகடுகள் பொருத்திய மரப்பெட்டி. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி, கையில் அகப்பட்டதைக் கொண்டு ஓர் இசையையே உண்டாக்கிய வரலாறு அது. பழைய புகைப்படத்தையும் இசைத்தட்டையும் கொண்டு படம் செய்த ஆல்வாரெஸுக்கும் இந்த இசைக்கலைஞர்களுக்கும் உள்ள உறவு இங்கே புலப்படுகிறது. கியூப சினிமா தன் முறையைத் தன் மக்களின் இசையிடமிருந்தே கற்றது என்று நான் சொல்வது இதனால்தான். புரட்சிக்குப் பிறகும் வீட்டுவேலைச் சுமை பெண்கள் தலையிலேயே இருப்பதைப் பேசிய கோமெஸின் 'என் பங்கு' என்ற படமோ திரைக்கு வராமல் முடக்கப்பட்டது.

மிகக் கடுமையான அடி விழுந்தது நிகோலாஸ் கியென் லாந்த்ரியான் என்ற இயக்குநர் மேல்தான். ஹவானாவைச் சுற்றிக் காப்பிச்செடி நடும் அரசுத் திட்டத்துக்கு விளக்கப்படம் எடுக்கச் சொன்னார்கள். 1968இல் அவர் கொடுத்தது 'காஃபியா அராபிகா', பதினெட்டு நிமிடம். விதை, நாற்று, உரம் எல்லாம் பாடப்புத்தகம்போல வருகின்றன. எழுத்துகள் திரையில் துள்ளுகின்றன. முடிவில் காஸ்ட்ரோ மேடையேறுகிறார். அப்போது பீட்டில்ஸின் 'மலைமேல் ஒரு முட்டாள்' பாட்டு எழுகிறது. படம் திரும்பப் பெறப்பட்டது. லாந்த்ரியான் நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டார். சிறையும் மனநல மருத்துவமனையில் மின்னதிர்ச்சியும் அவர் வாழ்க்கையில் வந்தன. 1989இல் மயாமிக்குப் போய், 2003இல் அங்கேயே காலமானார். ஆல்வாரெஸ் அமெரிக்கப் பாட்டைக் கொண்டு அமெரிக்காவைக் குத்தினார், புகழ் வந்தது. லாந்த்ரியான் ஆங்கிலப் பாட்டைத் தன் நாட்டுத் தலைவரின் காட்சிக்கு வைத்தார், வாழ்க்கை போயிற்று. முறை ஒன்றே.

அப்படியானால் இகாயிக்கை வெறும் தணிக்கைக் கூடமாகத் தள்ளிவிடலாமா? அதுவும் அநியாயம். 1969இல் அதே நிறுவனம் இசையமைப்பாளர் லியோ புரோவர் தலைமையில் ஒலிச் சோதனைக் குழு ஒன்றை அமைத்தது. தொலைக்காட்சி ஒதுக்கிய பாடகர் சில்வியோ ரோட்ரிகெஸும், கட்டாய உழைப்பு முகாமிலிருந்து மீண்ட பாடகர் பாப்லோ மிலானெஸும் அங்கே சம்பளத்தோடு இசை கற்றார்கள், படங்களுக்கு இசையமைத்தார்கள். ஒரு கையால் அணைத்ததையும் மறு கையால் அடித்ததையும் சேர்த்தே கணக்கில் எழுதவேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. லாந்த்ரியானின் படங்களைத் திரையிலிருந்து அகற்றியதற்கு எந்த முற்றுகையும் சமாதானமல்ல.

அந்தப் படங்கள் இப்போது மீட்டெடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த மீட்பைப் பற்றி எர்னஸ்டோ தரானாஸ் என்ற கியூப இயக்குநர் எடுத்த 'லாந்த்ரியான்' 2023இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. 'நவ்' ஆறு நிமிடம், 'காஃபியா அராபிகா' பதினெட்டு நிமிடம். இரண்டையும் ஒரே மாலையில், ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள்.